ஒரு பிழையின் தடத்தைப் பிடித்துப் போங்கள்: மென்பொருள் நிறுவனத்தின் தர நடைமுறைகளை மதிப்பிடுவது எப்படி?

தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்காவைத் திறந்தார்கள். திருச்சி நவல்பட்டில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா அதற்கு முன்பிருந்தே இயங்கிவருகிறது. இந்த வளாகங்களுக்கு வெளியே, கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா ஊர்களில் கடைத்தெரு மாடிகளில் இருந்துகொண்டு அரிசி ஆலைக்கும் ஜவுளிக் கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மென்பொருள் எழுதித் தருகிற சிறு குழுக்களும் இருக்கின்றன.

அவர்களிடம் மென்பொருள் வாங்கப்போகும் ஆலைக்காரருக்கு ஒரு கேள்வி இருக்கும்: இவர்களை நம்பி நம் கணக்கை ஒப்படைக்கலாமா? அங்கே மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் வேலைக்குச் சேரப்போகும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்: இந்த இடத்தில் வேலையை ஒழுங்காகச் செய்ய விடுவார்களா? இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒரே திறமை. ஒரு நிறுவனம் தன் மென்பொருளின் தரத்தை எப்படிக் காக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து எடைபோடும் திறமை. பெரிய ஆலோசனை நிறுவனங்களால்தான் இது முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். கணினி நிரல் ஒரு வரிகூடத் தெரியாதவரும் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். டெஸ்டிங் வேறு, தர உறுதிப்பாடு வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். மீட்டர் நெல்லைக் காயவைப்பதில்லை. எந்த நாளில் அறுத்தோம், களத்தில் எத்தனை நாள் உலர்த்தினோம், மழை வந்தபோது தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானித்தன. டெஸ்டிங் அந்த மீட்டர். தேவையைக் கேட்டு எழுதுவது, வடிவமைப்பது, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்ப்பது, சோதிப்பது, வெளியிடுவது, வெளியிட்ட பிறகு கவனிப்பது, புகாரிலிருந்து கற்றுக்கொள்வது என்று அறுப்பு முதல் மூட்டை வரைக்குமான அத்தனை வேலையும் தர உறுதிப்பாடு. ஆகவே “உங்களிடம் எத்தனை டெஸ்டர்கள் இருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிகூடத் தெரிந்திருக்காது.

அப்படியானால் என்ன கேட்பது? வாடிக்கையாளர் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு பிழையைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும். அது எங்கிருந்து வந்தது, என்ன ஆனது என்று கடைசிவரை அதன் பின்னாலேயே போங்கள். நிறுவனம் தன்னைப் பற்றி என்ன சொன்னாலும், உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஒரு தடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு பிழை, பல கேள்விகள்

ஒரு எடுத்துக்காட்டு. ஆலை கற்பனை, விலைகள் உண்மை. அரசு கொள்முதல் விலையை அப்படியே பின்பற்றி விவசாயிகளிடம் நெல் வாங்கும் ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய கொள்முதல் பருவத்தின் விலை அமலுக்கு வந்தது. சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2405 ரூபாயிலிருந்து 2500 ஆனது, சன்ன ரகம் 2450-லிருந்து 2545 ஆனது. இரண்டிலும் 95 ரூபாய் ஏற்றம்.

ஆகஸ்ட் 31 மாலை ஒரு விவசாயி 40 கிலோ சிப்பம் ஐம்பது இறக்குகிறார். மொத்தம் 20 குவிண்டால். எடை போட்டாயிற்று, இருட்டிவிட்டது, பில் மறுநாள் காலையில் போடுகிறார்கள். மென்பொருள் அன்றைய தேதியைப் பார்த்துப் புது விலையை எடுத்துக்கொள்கிறது. 1900 ரூபாய் வித்தியாசம். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 20-ஆம் தேதி பில் ஒன்றில் பெயரைத் திருத்தப் போனால், தொகையும் சேர்ந்து புது விலைக்கு மாறிவிடுகிறது. ஆலையிலிருந்து போன் போகிறது.

இங்கிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது. அந்தப் போன் எங்கே பதிவானது? புகார்ப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதா? ஜிரா போன்ற மென்பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூகுள் ஷீட் போதும், நோட்டுப் புத்தகம்கூடப் பரவாயில்லை. ஆனால் “நம்ம தம்பி ஒருத்தர் போன்லயே கேட்டு உடனே சரி பண்ணிட்டாரு” என்று பெருமையாகச் சொன்னால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். வாடிக்கையாளருக்கு அது நல்ல சேவைதான். நிறுவனத்தின் நினைவில் மட்டும் அந்தப் பிழை எந்தச் சுவடும் விடவில்லை. அந்தத் தம்பி வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

பதிவு இருக்கிறது என்றால் அதை வாசித்துப் பாருங்கள். “பில் தப்பா வருது, சரிசெய்யவும்” என்று ஒரு வரி இருக்கும் பதிவும், “வரவுத் தேதி 31.8, பில் தேதி 1.9, எதிர்பார்த்த விலை 2405, வந்த விலை 2500” என்று இருக்கும் பதிவும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களைக் காட்டுகின்றன. இரண்டாவதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் அந்தப் பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்க முடியும். அவசரம் எவ்வளவு என்று யார் முடிவு செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். பணக் கணக்கு தவறுவதும் பட்டனின் நிறம் மாறியிருப்பதும் ஒரே வரிசையில் காத்திருந்தால், பட்டியல் இருந்தும் பெரிய பயன் இல்லை.

அடுத்த கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது. இந்தப் பிழை பிறந்த இடம் எது? நிரல் எழுதியவரிடம் கேட்டால், “எந்தத் தேதியின் விலை என்று யாருமே சொல்லவில்லையே” என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆலைக்காரருக்கு, நெல் இறங்கிய நாளின் விலை என்பது சொல்லவே தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த விஷயம். நிரலாளருக்கு இன்றைய தேதி என்பது கைக்கு எளிதாகக் கிடைக்கும் விஷயம். இரண்டுக்கும் நடுவில், “விலை மாறும் நாளில் என்ன நடக்கும்?” என்று கேட்க ஒருவர் இருந்திருக்க வேண்டும். தேவைகளை எழுதும் கட்டத்திலேயே டெஸ்டரை உட்கார வைக்கும் நிறுவனங்களில் அந்தக் கேள்வி அங்கேயே வந்துவிடும். ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்பே பிழை தீர்ந்துவிடும், ஒரு டீ குடிக்கும் நேரச் செலவில்.

சரி, பிழையைத் திருத்திவிட்டார்கள். திருத்தத்தை இன்னொருவர் பார்த்தாரா? நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) போன்ற ஒன்றில் சேமிக்கிறவர்களானால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள், யார் பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்பது பதிவிலேயே இருக்கும். காட்டச் சொல்லலாம். பிறகு, இதே பிழை மறுபடி வந்தால் மனிதர் யாரும் கவனிக்காமலே பிடித்துவிடும் தானியங்கிச் சோதனை ஒன்றைச் சேர்த்தார்களா? ஒரு இடத்தைச் சரிசெய்யும்போது வேறொரு இடம் உடைவது மென்பொருளில் அன்றாடம் நடப்பது. அதைப் பிடிக்கத்தான் பழைய சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ரிக்ரஷன் டெஸ்டிங் என்பது இதுதான்.

கடைசியாக ஒன்று. இதே குறை வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார்களா? இங்கேதான் நல்ல நிறுவனமும் சுமாரான நிறுவனமும் பிரிகின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று நாடு முழுவதும் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5, 18 சதவீதங்களுக்குப் போயின. செப்டம்பர் 1 பிழையை “நெல் விலைப் பிரச்சினை” என்று மூடிவிட்ட குழு, மூன்று வாரத்தில் தன் ஜவுளிக் கடை, மருந்துக் கடை மென்பொருள்களில் அதே பிழையை வேறு சட்டையில் சந்தித்திருக்கும். “ஒரு தேதியில் மாறும் மதிப்புகள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு” என்று எழுதிவைத்து, எல்லா மென்பொருளிலும் தேடிய குழு 22-ஆம் தேதியை அமைதியாகக் கடந்திருக்கும். ஆகவே பிழைக்குப் பின்னால் ஒரு காரணக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இரண்டு பத்தி இருந்தாலே நல்ல அடையாளம்.

சொன்னது எது, செய்தது எது

மேலே உள்ள ஒவ்வொரு கேள்வியிலும் “காட்டுங்கள்” என்ற சொல் மறைந்திருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-களில் ஒரு சிக்கலில் இருந்தது. மென்பொருள் எழுதித் தரும் ஒப்பந்ததாரர்களில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. அதற்கு வழி காணும் வேலை பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்குப் போனது. அங்கே வாட்ஸ் ஹம்ஃப்ரி தலைமையில் உருவான சிந்தனை, 1991-இல் சிஎம்எம் என்ற முதிர்ச்சி மாதிரியாக வெளிவந்தது. பின்னர் அது சிஎம்எம்ஐ ஆனது.

அதில் ஐந்து படிகள். முதல் படியில் வேலை தனிமனிதர்களின் சாமர்த்தியத்தால் நடக்கிறது. ஆள் மாறினால் தரமும் மாறும். இரண்டாம் படியில் ஒவ்வொரு திட்டமும் திட்டமிட்டு நிர்வகிக்கப்படுகிறது. மூன்றில் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான, எழுதப்பட்ட நடைமுறை இருக்கிறது. நான்கில் அந்த நடைமுறையை எண்களால் அளக்கிறார்கள். ஐந்தில் அந்த எண்களைக் கொண்டு தொடர்ந்து மேம்படுத்துகிறார்கள். இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பல “ஐந்தாம் நிலை” என்று விளம்பரம் செய்வது இதைத்தான்.

அந்தச் சான்றிதழைப் பார்க்க நேர்ந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எந்தப் பிரிவை மதிப்பிட்டார்கள் என்பது ஒன்று. நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குக் கிடைத்த நிலை, உங்கள் வேலையைச் செய்யப்போகும் திருச்சிக் குழுவைப் பற்றி எதையும் சொல்லாமல் போகலாம். தேதி இன்னொன்று. இந்த மதிப்பீடு மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

பன்னிரண்டு பேர் உள்ள நிறுவனத்துக்கு இந்தச் சான்றிதழ் அவசியம் என்று நான் நினைக்கவில்லை. செலவும் காகித வேலையும் அவர்களை அமுக்கிவிடும். ஆனால் அந்த மதிப்பீட்டாளர்கள் வைத்திருக்கும் ஒரு விதியை நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் இரண்டு வகைச் சான்றைத் தேடுகிறார்கள். வேலையின்போது தானாக உருவான பதிவுகள் ஒன்று, வேலை செய்கிறவர் தன் வாயால் சொல்வது மற்றொன்று. நடைமுறைக் கையேட்டில் “ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ரிவ்யூ நடக்கும்” என்று இருந்தால், கடைசி மூன்று வெளியீடுகளின் ரிவ்யூப் பதிவைக் கேளுங்கள். பதிவு இருந்தால், அந்த ரிவ்யூவில் இருந்த ஒருவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். மூன்றும் பொருந்தினால் அந்த நடைமுறை உயிரோடு இருக்கிறது. எல்லாப் பதிவுகளும் ஒரே நாளில், ஒரே ஆள் கையால், நீங்கள் வருவதற்கு முந்தைய வாரம் நிரப்பப்பட்டிருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும் நாள்

சோதனை முடிந்ததும் தரத்தின் வேலை முடிந்தது என்று நினைப்பது பரவலான ஒரு நம்பிக்கை. அது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலைத் தன் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, ஒன்று விடுபட்டது. அந்த எட்டாவதில் வருடக்கணக்கில் பயன்படாத பழைய நிரல் ஒன்று கிடந்தது. புதிய வசதிக்காக அவர்கள் பயன்படுத்திய ஒரு குறியீடு, முன்பு அந்தப் பழைய நிரலை இயக்கப் பயன்பட்ட அதே குறியீடு. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. நிறுவனம் தனியாக நிற்க முடியாமல் சில மாதங்களில் வேறொன்றோடு இணைய ஒப்புக்கொண்டது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில் இரண்டு விவரங்கள் வெளிவந்தன. எட்டு சர்வரிலும் ஏறியதா என்று இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறையும் இல்லை. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் உள்ளே வந்திருந்தன, யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இரண்டையும் நம் ஊர் நிறுவனத்திடம் அப்படியே கேள்வியாகத் திருப்பலாம். புதிய பதிப்பை ஏற்றும்போது யார் ஏற்றுகிறார், யார் சரிபார்க்கிறார்? தவறினால் பழைய பதிப்புக்கு எத்தனை நிமிடத்தில் திரும்ப முடியும், கடைசியாக அப்படித் திரும்பியது எப்போது? பிழைச் செய்திகள் யாருடைய பெட்டிக்குப் போகின்றன, அந்த ஆள் விடுப்பில் இருந்தால்? கிளம்பும் நேரமான வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் பதிப்பை ஏற்றுகிறார்களா என்பதையும் நான் விசாரிப்பேன்.

நம் ஊருக்கான சோதனைகள்

சோதனைகளின் தரத்தைப் பார்க்க நிரல் தெரிய வேண்டாம், பயன்படுத்தும் ஊரைத் தெரிந்தால் போதும். சோதனைக்கு வைத்திருக்கும் மாதிரிப் பெயர்களைக் காட்டச் சொல்லுங்கள். ‘டெஸ்ட்1’, ‘டெஸ்ட்2’, ‘ஏபிசி’ என்றே இருந்தால் அவர்கள் நம் மக்களை மனதில் வைத்துச் சோதிக்கவில்லை. குடும்பப் பெயர் என்ற பெட்டியை நிரப்பாமல் மேலே போக முடியாத படிவத்தில், தலைப்பெழுத்து மட்டும் உள்ள ஒருவர் என்ன செய்வார்?

இன்னும் நுணுக்கமான ஒன்று. திருவாரூர் மாவட்டத்தில் ஸ்ரீவாஞ்சியம் என்று ஊர் இருக்கிறது. அந்த ‘ஸ்ரீ’யை கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம். ‘ஸ’ எழுத்தில் தொடங்கலாம், அல்லது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ எழுத்தில் தொடங்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் பதிந்த ஊரை இன்னொரு விசைப்பலகையில் தேடினால், “அப்படி ஒரு ஊரே இல்லை” என்று மென்பொருள் சொல்லிவிடும். இதைச் சோதித்தீர்களா என்று கேட்டதும் டெஸ்டரின் முகம் மலர்ந்து, “இதுக்கு ஒரு டெஸ்ட் கேஸ் இருக்கு” என்று திறந்து காட்டினால், அந்த இடத்தை நான் மதிப்பேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வேலை செய்யும் எந்த மென்பொருளும் பாதியில் மின்சாரம் போவதைத் தாங்க வேண்டும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கணினியின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தார்களா? பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, கணக்கு கடைசி ரூபாய் வரை சரியாக வருகிறதா என்று பார்த்த தேதியைக் கேளுங்கள்.

எண்கள்

எண்கள் உதவும், அளவோடு. தொடக்கத்துக்கு ஒரு எண்ணைப் பரிந்துரைப்பேன்: மொத்தப் பிழைகளில் எத்தனையை வாடிக்கையாளர் கண்டுபிடித்தார்? ஐம்பதில் பத்து என்றால் 20 சதவீதம் நழுவிப் போயிருக்கிறது. இந்த விகிதம் ஒரு ஆண்டில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். அடுத்த நிறுவனத்தோடு ஒப்பிட வேண்டாம், ஏனென்றால் பிழை என்று எதை எண்ணுவது என்பதே இடத்துக்கு இடம் மாறும். மென்பொருளை எழுதுவோரும் இயக்குவோரும் சேர்ந்து வேலை செய்யும் டெவ்ஆப்ஸ் உலகில் டோரா என்ற ஆய்வுக் குழு பரப்பிய நான்கு அளவுகளும் பயனுள்ளவை. எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள், மாற்றம் எழுதியதிலிருந்து பயனரை அடைய எவ்வளவு நேரம், எத்தனை வெளியீடு சிக்கலில் முடிந்தது, சிக்கலிலிருந்து மீள எவ்வளவு நேரம்.

“எங்கள் சோதனைகள் நிரலில் 90 சதவீத வரிகளைத் தொடுகின்றன” என்று பெருமையாகச் சொல்லும் எண்ணை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு வரி ஓடியது என்பதற்கும் அதன் விடை சரியா என்று பார்த்தோம் என்பதற்கும் தூரம் அதிகம். நம் நெல் பில் எடுத்துக்காட்டில் விலையை எடுக்கும் வரியும் சோதனையில் ஓடியே இருக்கும்.

ஆட்களிடம் பேசுங்கள்

எல்லாக் காகிதமும் பார்த்த பிறகு, டெஸ்டரோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேச அனுமதி கேளுங்கள். “நீங்க வேண்டாம்னு சொல்லி எப்பவாவது ஒரு ரிலீஸ் நின்னிருக்கா?” என்று கேளுங்கள். நின்றிருந்தால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நின்றதே இல்லை என்றால், ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். அவர் பேச்சில் பயம் இருந்தால், பட்டியல்களும் கருவிகளும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் மதிப்பீட்டில் அதற்கு முன்னிடம் கொடுங்கள். பிழையைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளும் இடத்தில் பிழைகள் சொல்லப்படாமலே போகும். வேலைக்குச் சேரப்போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியை நேர்முகத் தேர்வின் முடிவில் தயங்காமல் கேட்கலாம். சம்பளம் கேட்பதைப் போல இதுவும் உங்கள் உரிமை.

சிறிய குழுவில் எழுதுபவரும் சோதிப்பவரும் ஒருவராகவே இருக்கலாம். அதைக் குறையாக எழுதிவிட்டு நகர வேண்டாம். அவர் எழுதியதை இன்னொருவர் அரை மணி நேரமாவது பயன்படுத்திப் பார்க்கிறாரா என்று கேட்டால் போதும்.

பிறகு அறிக்கை. நாற்பது குறைகளைப் பட்டியலிட்டால் ஒன்றும் நடக்காது. மூன்றை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நீங்கள் நேரில் பார்த்த சான்று என்ன, அதனால் யாருக்கு என்ன இழப்பு வரலாம், முதல் அடியாக என்ன செய்யலாம் என்று சேருங்கள். நன்றாகச் செய்கிற ஒன்றையும் அதே அளவு விவரத்தோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அவசரத்தில் அதைத்தான் முதலில் கைவிடுவார்கள். முதலாளிக்கு அனுப்பும் முன் அந்த வேலையைச் செய்கிற பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். “அது அப்படியில்ல சார்” என்று அவர்கள் மறுக்கும் இடங்களில் மறுபடி பதிவைத் திறந்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் அறிக்கையைத் திருத்துங்கள். அடுத்த இரண்டு வெளியீடுகள் முடிந்ததும் திரும்பிப் போய், அந்த மூன்றில் எது மாறியிருக்கிறது என்று புதிதாக ஒரு பிழையை எடுத்து முதலிலிருந்து பின்தொடருங்கள்.